லைட் எல்லாம் எரியுது, நெட் மட்டும் ஊருது: மலையகத்து வீட்டு ரவுட்டர் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, அந்தப் பக்கம் பண்டாரவளை, அப்புத்தளைன்னு எங்க போனாலும் கேக்கிற கேள்வி ஒண்ணுதான், வீட்டுல ரவுட்டர் போட்டாச்சு, மாசாமாசம் காசும் கட்டுறோம், ஆனா புள்ளைக்கு ஒரு ஒன்லைன் கிளாஸ் உருப்படியா பாக்க ஏலாது. கொம்பனிய திட்டுறதுக்கு முன்னால, புது ரவுட்டருக்கு காசு எண்ணுறதுக்கு முன்னால இத வாசிச்சிடுங்க. வரிசையா வாசிக்கணும்னு இல்ல, ஆனா முதல் கேள்விய மட்டும் தாண்டிப் போகாதீங்க.

ஸ்லோவா இருக்கிறது ரவுட்டர் பிழையா, கொம்பனி பிழையா? எப்பிடி கண்டுபிடிக்கிறது?

உங்க போனுக்கு நெட் ரெண்டு துண்டா வருது. டவர்ல இருந்தோ போஸ்ட்ல வர்ற வயர்ல இருந்தோ ரவுட்டர் வரைக்கும் ஒரு துண்டு, ரவுட்டர்ல இருந்து கையில இருக்கிற போன் வரைக்கும் மத்த துண்டு. எந்தத் துண்டுல பிழைன்னு தெரியாம என்ன செஞ்சாலும் வீண் வேலை. நெறய பேர் ரெண்டாவது துண்டுல இருக்கிற பிழைக்கு முதல் துண்டுக்காரன திட்டிக்கிட்டு இருக்காங்க.

ரவுட்டர் பெட்டிக்குள்ள மஞ்சளோ வெள்ளையோ குட்டி கேபிள் ஒண்ணு வந்திருக்கும், அத யாரும் வெளிய எடுக்கிறதே இல்ல, தேடி எடுங்க. லெப்டொப்ல வைஃபைய ஓஃப் பண்ணிட்டு அந்த கேபிள நேரா ரவுட்டர்ல குத்தி ஸ்பீட் டெஸ்ட் அடிங்க. பிறகு கேபிள கழட்டிட்டு, நீங்க வழக்கமா உக்காந்து பாக்கிற இடத்துல இருந்து வைஃபைல அதே டெஸ்ட். கேபிள்ல 18 எம்பிபிஎஸ் (நெட் வேகத்த அளக்கிற கணக்கு) வருது, வைஃபைல 3 வருதுன்னா கொம்பனி மேல குத்தமே இல்ல, வீட்டுக்குள்ளதான் விஷயம். கேபிள்லயும் 3 தான்னா டவர், சிக்னல், லைன், கோட்டா இதுல ஏதோ ஒண்ணு. லெப்டொப் இல்லாத வீடுன்னா ரவுட்டருக்கு பக்கத்துலயே நின்னு போன்ல அடிங்க, அச்சொட்டா வராட்டியும் எந்தப் பக்கம்னு தெரியும்.

இன்னொண்ணு, இத ராத்திரி 9 மணிக்கு ஒரு தரமும் விடியக்காலைல 5 மணிக்கு ஒரு தரமும் செய்ங்க. காலைல பறந்து ராத்திரி ஊர்ந்தா அந்த டவர ஒரே நேரத்துல பாவிக்கிற சனம் கூடுதல், உங்க ரவுட்டர எத்தனை தரம் ஓஃப் பண்ணி ஒன் பண்ணினாலும் அது மாறாது. டெஸ்டும் டேட்டா தின்னும்கிறத மறக்காதீங்க, 20 எம்பிபிஎஸ் லைன்ல 10 செகண்ட் டவுன்லோட் ஓடினாலே 25 எம்பி போயிரும், அதுனால விளையாட்டுக்கு அடிச்சிக்கிட்டே இருக்க வேணாம்.

கோட்டா முடிஞ்சா நெட் நின்னுதானே போகணும்? ஸ்லோவா ஓடுதே?

நெறய பெக்கேஜ்ல நிக்காது, ஸ்பீட மட்டும் குறைச்சி விடுவாங்க. வட்ஸ்அப் மெசேஜ் போகும், வீடியோ சுத்திக்கிட்டே நிக்கும். அதுனால ரவுட்டர தொட முன்னால கொம்பனி அப்ல பகல் டேட்டா எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாருங்க. நைட் டேட்டா 40 ஜிபி மிச்சம் கிடக்கும், பகல் டேட்டா முட்டையா இருக்கும், மொத்தத்த மட்டும் பாத்துட்டு "இன்னும் நெறய இருக்கே"ன்னு இருப்பாங்க.

20 எம்பிபிஎஸ் பெக்கேஜ்னு சொன்னாங்க, டவுன்லோட் போட்டா 2.4 தான் காட்டுது. ஏமாத்துறாங்களா?

இல்ல, சரியாத்தான் வருது. கொம்பனி சொல்றது மெகாபிட், டவுன்லோட்ல காட்டுறது மெகாபைட், 8 ஆல வகுக்கணும். 20ஐ 8 ஆல வகுத்தா 2.5. இதுக்கு கோல் எடுத்து சண்டை போட வேணாம்.

4ஜி ரவுட்டர வீட்டுல எங்க வைக்கிறது நல்லம்?

இந்த மொத்தப் பக்கத்துலயும் முக்கியமான கேள்வி இதுதான், கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும்.

கொழும்புல இருக்கிறவங்க வீடியோல "ரவுட்டர வீட்டுக்கு நடுவுல வைங்க"ன்னு சொல்லுவாங்க. பைபர் லைனுக்கு அது சரி. நம்ம தோட்டத்துப் பக்கம் டவர் எதிர்மலை உச்சியில இருக்கும், நம்ம வீடு இந்தப் பக்கம் சரிவுல இருக்கும், நடுவுல ஒரு மேடு, யூக்கலிப்டஸ் மரம் ஒரு வரிசை. 4ஜி ரவுட்டருக்கு நல்ல இடம் டவர் தெரியிற ஜன்னல், வைஃபைக்கு நல்ல இடம் வீட்டு நடு. ரெண்டும் ரெண்டு இடம். ஒரே பெட்டிய வெச்சி ரெண்டையும் சமாளிக்கப் பாக்கிறதாலதான் பாதி வீட்டுல பிரச்சினை.

எது முக்கியம்னா சிக்னல்தான் முக்கியம். டவர்ல இருந்து ஒழுங்கா வராதத வீட்டுக்குள்ள எவ்வளவு அழகா பரப்பினாலும் ஒண்ணும் இல்ல. பழைய லயத்துல கருங்கல் சுவர், மேல தகரம், அதுக்குள்ள இருக்கிற காம்பராவுல வெச்சா ரவுட்டர் மூச்சு முட்டித்தான் கிடக்கும். தகரம் சிக்னல உள்ள விடாது, கல்லு சுவர் வந்ததையும் குடிச்சிரும். இஸ்தோப்பு ஜன்னல்கிட்ட, தலை உயரத்துக்கு ஒரு பலகை அடிச்சி வைங்க, மழைத்தண்ணி படாம.

நோர்வூட் பக்கம் ஒரு வீட்டுல ரவுட்டர் ஷோகேஸுக்குள்ள இருந்துச்சு, மூத்தவன் ஸ்போர்ட்ஸ் மீட்ல வாங்கின கப் ரெண்டுக்கு நடுவுல, மேல பின்னல் துணி வேற போட்டு மூடி. கதவு கண்ணாடி, பின்னால கல்லு சுவர். சிக்னல் நம்பர் (டெசிபல் கணக்கு, எங்க பாக்கிறதுன்னு அடுத்த கேள்வியில இருக்கு) -113 காட்டுச்சு. இஸ்தோப்பு ஜன்னலுக்கு கொண்டு போனதும் -98. பத்து டெசிபல் கூடினாலே சிக்னல் சக்தி பத்து மடங்கு, இங்க பதினஞ்சு கூடிருச்சு, ஒரு சதம் செலவில்லாம. அம்மாவுக்குத்தான் மனசில்ல, ஷோகேஸ்ல இருந்தா பாக்க அழகா இருந்துச்சாம்.

ஜன்னல்ல வெச்சிட்டும் அப்பிடியே விட்டுடாதீங்க, ஒரு சாண் இந்தப் பக்கம் ஒரு சாண் அந்தப் பக்கம் நகத்திப் பாருங்க. சும்மா சொல்லல, 4ஜி ஓடுற அலையில ஒண்ணான 2300 மெகாஹேர்ட்ஸ் அலையோட நீளமே 13 சென்டிமீட்டர்தான். மலையில பட்டு, பாறையில பட்டு, பக்கத்து வீட்டுத் தகரத்துல பட்டு வர்ற அலை எல்லாம் ஒரு இடத்துல ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கும், ஒரு சாண் தள்ளினா ஒண்ணாச் சேந்துக்கும். ஒவ்வொரு இடத்துலயும் ஒரு நிமிஷமாவது விட்டுட்டு நம்பரப் பாருங்க, உடனே மாறாது.

அந்த நம்பர எங்க பாக்கிறது? ரவுட்டர்லதான் சிக்னல் கோடு முழுசா எரியுதே?

கோட நம்பாதீங்க. வைஃபைல கனெக்ட் ஆகி பிரவுசர்ல 192.168.8.1, இல்லன்னா 192.168.1.1, இல்லன்னா 192.168.0.1 அடிங்க, உங்க ரவுட்டர் அடியில ஸ்டிக்கர்ல எதுன்னு எழுதியிருக்கும், உள்ள போற பாஸ்வேர்டும் அங்கயே இருக்கும். உள்ள "டிவைஸ் இன்பர்மேஷன்" இல்லன்னா "ஸ்டேட்டஸ்"னு ஒரு பக்கம் இருக்கும், அதுல ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர்னு ரெண்டு நம்பரத் தேடுங்க.

ஆர்எஸ்ஆர்பி சிக்னல் எவ்வளவு பலமா வருதுன்னு சொல்றது. மைனஸ்ல இருக்கும், அதுனால -85 தான் -110ஐ விட நல்லம். -80 பக்கம் இருந்தா பிரமாதம், -95 வரைக்கும் ஓகே, -105 தாண்டினா கஷ்டகாலம், -115க்கு அங்கால போனா நெட்னு சொல்லவே ஏலாது. எஸ்ஐஎன்ஆர் சத்தத்துக்கு நடுவுல சிக்னல் எவ்வளவு சுத்தமா கேக்குதுன்னு சொல்றது, 20 தாண்டினா சூப்பர், 10 பரவாயில்ல, 0க்கு கீழ போனா குப்பை. சில வீட்டுல ரெண்டு மூணு டவர் ஒரே பலமா அடிக்கும், அப்ப ஆர்எஸ்ஆர்பி அழகா இருக்கும், எஸ்ஐஎன்ஆர் நாசமா இருக்கும், கோடு முழுசா எரியும், வீடியோ நகராது. ரவுட்டர அடுத்த பக்கத்து ஜன்னலுக்கு மாத்தி ஒரு டவர சுவரால மறைச்சிட்டாலே சில நேரம் சரியாகிடும்.

ரெண்டு நம்பரும் நல்லா இருந்தும் ஸ்லோன்னா பெரும்பாலும் டவர்ல சனம் கூடன்னு அர்த்தம். சில ரவுட்டர்ல பேண்ட் (டவரும் ரவுட்டரும் பேசிக்கிற அலைவரிசை) தெரிவு பண்ற இடம் இருக்கும். 900, 1800 மெகாஹேர்ட்ஸ் மேட்டுக்கு அங்கால இருந்தும் கொஞ்சம் எட்டிப் பாக்கும், 2300, 2600 டவர் நேராத் தெரிஞ்சாத்தான் நல்லா வேலை செய்யும், ஆனா அங்க இடம் நிறைய இருக்கும், ஸ்பீட் வரும். ஒவ்வொண்ணா மாத்தி ராத்திரி நேரத்துல டெஸ்ட் பண்ணி நல்லதுல விட்டுடுங்க. உங்க சிம்முக்கு எந்த பேண்ட் திறந்திருக்குன்னு கொம்பனிதான் முடிவு பண்ணும், கனெக்ட் ஆகலன்னா பழையபடி ஓட்டோவுல போடுங்க.

ஜன்னல்ல வெச்சா இஸ்தோப்புல நல்லா வருது, குசினிக்கும் பின் ரூமுக்கும் வைஃபை வரல. இப்ப என்ன செய்ய?

சிக்னல் ஜன்னல்லயே இருக்கட்டும், வைஃபைய மட்டும் கேபிள்ல உள்ள கொண்டு போங்க. பழைய ரவுட்டர் ஒண்ணு வீட்டுல தூசி பிடிச்சி கிடக்கும், டெலிபோன் லைன்ல ஓடின பழைய ஏடிஎஸ்எல் ரவுட்டர்னாலும் பரவாயில்ல, அதுக்கு இப்ப மறுபிறவி.

முதல்ல பழைய ரவுட்டர தனியா ஒன் பண்ணி லெப்டொப்ப அதுல கனெக்ட் பண்ணி உள்ள போங்க. வைஃபை பேரையும் பாஸ்வேர்டையும் ஜன்னல்ல இருக்கிற மெயின் ரவுட்டர்ல உள்ள மாதிரியே வைங்க, சேனல (வைஃபை ஓடுற தடம், கீழ லயத்துக் கேள்வியில இருக்கு) மட்டும் வேறயா வைங்க. அடுத்து லேன் ஐபி, அதாவது வீட்டுக்குள்ள அந்த ரவுட்டரோட விலாச நம்பர், உங்க மெயின் ரவுட்டர் 192.168.8.1னா இதுக்கு 192.168.8.2னு குடுங்க, சேவ் பண்ணினதும் பக்கம் அறுந்து போகும், பயப்படாதீங்க, புது நம்பர் அடிச்சி திரும்ப உள்ள போங்க. கடைசியாத்தான் டிஹெச்சிபிய, அதாவது ஒவ்வொரு போனுக்கும் ஐபி நம்பர் பிரிச்சிக் குடுக்கிற வேலைய, ஓஃப் பண்ணணும். அத முதல்லயே ஓஃப் பண்ணினா திரும்ப உள்ள போக முடியாம முழிப்பீங்க. வீட்டுல டிஹெச்சிபி குடுக்கிறது ஒரு பெட்டியாத்தான் இருக்கணும், ரெண்டு பெட்டி குடுத்தா ஒரு போன் வேலை செய்யும், மத்தது கனெக்டட்னு காட்டிக்கிட்டே சும்மா கிடக்கும்.

பிறகு கேபிள். மெயின் ரவுட்டர் லேன் ஓட்டையில ஒரு முனை, பழைய ரவுட்டர் லேன் ஓட்டையில மறு முனை. வேன் (WAN)னோ இன்டர்நெட்னோ எழுதி தனியா இருக்கிற ஓட்டையில குத்தக்கூடாது, டெலிபோன் வயர் குத்துற ஓட்டை வெறுமையாவே இருக்கட்டும். கேபிள் கேட் 5இ போதும், 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், வீட்டுக்கு 15, 20 மீட்டர் போனா பெரிய விஷயம். கடையில ஆயத்தமா ரெண்டு முனையும் அடிச்சே தருவாங்க.

பழைய பெட்டியோட வைஃபை அவ்வளவு வேகம் இல்லன்னு யோசிக்க வேணாம், டவர்ல இருந்து வர்றது 15, 20ன்னா அத கொண்டு போக அது தாராளம்.

அதுக்கு பதிலா ரிப்பீட்டர் ஒண்ணு வாங்கினா சுகம்தானே?

சுகம்தான், ஆனா மலிவான ரிப்பீட்டர் கேட்டத அதே சேனல்லயே திருப்பிச் சொல்லும், அதுனால ஸ்பீட் பாதியா குறையும். அதோட அத வைஃபை செத்த ரூம்லயே குத்துவாங்க, அங்க கேக்கிறதுக்கே ஒண்ணும் இல்லாதப்போ எதத் திருப்பிச் சொல்றது? பாதி வழியில குத்தணும். கேபிள் இழுக்கவே முடியாத வீடுன்னா மட்டும் வாங்குங்க.

வெளி அன்டனா போட்டா ஸ்பீட் கூடுமா?

கூடும், ஒழுங்காப் போட்டா. ரவுட்டருக்குப் பின்னால அன்டனா திருகிற ஓட்டை ரெண்டு இருக்கான்னு முதல்ல பாருங்க. ரவுட்டர் மேல நிக்கிற குச்சி எல்லாம் 4ஜி அன்டனான்னு நினைக்காதீங்க, சில மொடல்ல அது வைஃபை குச்சி, அதக் கழட்டி வெளி அன்டனாவ மாட்டினா ஒண்ணும் நடக்காது. 4ஜி ரெண்டு அன்டனாவ சேத்துதான் வேலை செய்யும், அதுனால ரெண்டு கேபிள் வர்ற அன்டனாவா பாருங்க. மெல்லிசு கேபிள்ல 10 மீட்டர் இழுத்தா அன்டனா பிடிச்சது அவ்வளவும் கேபிள்லயே கரைஞ்சிரும், தடிச்ச கேபிள், முடிஞ்ச அளவு கட்டை. ஒரு பக்கம் மட்டும் பாக்கிற அன்டனான்னா கூரையில ஒருத்தர் மெல்லத் திருப்ப, கீழ ஒருத்தர் நம்பரப் பாத்து சத்தமாச் சொல்லணும், பழைய டிவி அன்டனா காலத்து வேலைதான். ஆனா இடி விழுற சீசன்ல கூரை மேல கம்பி நிக்கிதுன்னு ஞாபகம் வெச்சிக்கங்க.

2.4, 5ன்னு ரெண்டு வைஃபை காட்டுது. எதுல கனெக்ட் ஆகணும்?

ரெண்டும் வைஃபை அலையோட ஜிகாஹேர்ட்ஸ் நம்பர். ரவுட்டர் இருக்கிற ரூம்ல இருந்தா 5, சுவருக்கு அங்கால போனா 2.4. கருங்கல் சுவர்னா 5 ஒரு சுவர் தாண்டுறதே பெரிய காரியம். ரெண்டுக்கும் ஒரே பேர் வெச்சிருந்தா போன் தனக்குத் தோணினதுல ஒட்டிக்கும், அதுனால பேர மாத்தி தனித்தனியா வைங்க, டிவிய 5ல போடுங்க. பழைய போன்ல 5 காட்டவே காட்டாது, போன் பிழை இல்ல, அந்த மொடலுக்கு இல்ல அவ்வளவுதான். 2.4ல ஒரு சாதா போனுக்கு காயிதத்துல 72 எம்பிபிஎஸ், கையில வர்றது 40 வந்தா நல்லம். பைபர் 100 போட்டுட்டு போன்ல 35 தான் வருதுன்னு சொல்றவங்க முக்கால்வாசி 2.4ல இருப்பாங்க.

லயத்துல எல்லா வீட்டுலயும் ரவுட்டர். அதுனால ஸ்லோ ஆகுமா?

ஆகும். தனி வீடு, 7 பேர்ச் காணி வீடுன்னா பெரிசாத் தெரியாது. ஒரே கூரைக்குக் கீழ வரிசையா வீடு இருக்கிற லயத்துல போன்ல வைஃபை லிஸ்ட்டத் திறந்தா பேர் இறங்கிக்கிட்டே போகும், அவ்வளவும் 2.4ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும். 2.4ல ஒண்ணோட ஒண்ணு முட்டாத சேனல் 1, 6, 11 மூணுதான். போன்ல வைஃபை அனலைசர்னு ஒரு அப் போட்டுப் பாருங்க, எதுல கூட்டம் குறைவோ அதுக்கு மாத்துங்க. நடுவுல 3, 4ன்னு வெச்சா ரெண்டு பக்கத்துக்காரனோடயும் மோதுவீங்க. சேனல் அகலத்த 20ல வைங்க, 40 வேணாம். பக்கத்து வீட்டுக்காரங்களோட கதைச்சி நீ 1, நான் 6, அவங்க 11ன்னு பிரிச்சிக்கிட்டா இன்னும் நல்லம், எல்லாருக்கும் லாபம்.

பாஸ்வேர்ட் யாருக்கும் குடுக்கல, ஆனாலும் யாரோ பாவிக்கிற மாதிரி இருக்கு?

நீங்க குடுக்கல, உங்க புள்ள கியூஆர் காட்டியிருக்கும். ஒரு தரம் ஸ்கேன் பண்ணின போன்ல இருந்து அடுத்த போனுக்கு, அதுல இருந்து அடுத்ததுக்கு, மைதானம் முழுக்கப் போயிருக்கும். ரவுட்டருக்குள்ள கனெக்டட் டிவைசஸ்னு இருக்கிறதப் பாருங்க, தெரியாத பேர் இருந்தா பாஸ்வேர்ட மாத்துங்க, ரவுட்டர் உள்ள போற பாஸ்வேர்டையும் சேத்து மாத்துங்க. மூணு வீடு காசு சேத்து ஒரு ரவுட்டர் பாவிக்கிறது நம்ம பக்கம் இருக்கிறதுதான், தப்பில்ல, அப்பிடின்னா எந்த வீட்டுல எத்தனை டிவி ஓடுதுன்னாவது தெரிஞ்சி வெச்சிக்கங்க. ஒரு எச்டி வீடியோவுக்கு 5 எம்பிபிஎஸ் மாதிரி போகும், 15 வர்ற லைன்ல மூணு டிவிதான் கணக்கு.

ரவுட்டருக்குள்ள வைஃபை செக்கியூரிட்டில (வைஃபைக்குப் போடுற பூட்டு வகை) டபிள்யூபிஏ2, ஏஇஎஸ்னு இருக்கணும். பழைய ரவுட்டர்ல டிகேஐபின்னு பழைய பூட்டு இருந்தா மாத்துங்க, அதுல இருந்தா வைஃபை 54 எம்பிபிஎஸ்க்கு மேல ஏறவே விடாது, பாதுகாப்பும் இல்ல.

தங்கச்சி கிளாஸ்ல இருக்கும்போது அண்ணன் வீடியோ அப்லோட் பண்ணினா கிளாஸ் அறுந்து போகுது. அப்லோட் வேற, டவுன்லோட் வேறதானே?

வேறதான், ஆனா கிளாஸ் பாக்கவும் இந்தப் பக்கம் இருந்து சின்னச் சின்ன பதில் போய்க்கிட்டே இருக்கணும், தங்கச்சி கதைக்கிறதும் அப்லோட்தான். கொழுந்து நிறுக்கிற இடத்துல உங்க கையில ஒரு சின்ன மூட்டை, முன்னால ஒருத்தர் பத்து சாக்க அடுக்கி வெச்சிருக்கார், அவர் முடிக்கிற வரைக்கும் நீங்க நிக்கணும், ரவுட்டருக்குள்ளயும் அதுதான் நடக்குது. ஸ்பீட் டெஸ்ட் ஓடும்போது பிங் நம்பரப் (ஒரு செய்தி போய்த் திரும்பி வர எடுக்கிற மில்லிசெகண்ட்) பாருங்க, சும்மா இருக்கையில 40, அப்லோட் ஓடையில 900 காட்டினா இதுதான் நோய்.

ரவுட்டர்ல யாருக்கு எவ்வளவு ஸ்பீட்னு கட்டுப்படுத்துற கியூஓஎஸ்னோ பேண்ட்வித் கன்ட்ரோல்னோ இருந்தா அப்லோட, உண்மையா வர்றதுல 85 சதவீதத்துக்கு கட்டி விடுங்க, 5 வந்தா 4.2 மாதிரி. அது இல்லாத ரவுட்டர்னா போன்ல போட்டோ பெக்கப்ப ராத்திரிக்கு மாத்துங்க. கடை, வீட்டு வாசல்ல கெமரா போட்டவங்க கவனிங்க, கிளவுடுக்கு ஏத்துற கெமரா நாள் முழுக்க அப்லோடத் தின்னுக்கிட்டே இருக்கும், மெமரி கார்ட்ல சேவ் ஆகிற மாதிரி மாத்தினா வீடே நிமிரும்.

மழை பெஞ்சா, மிஸ்ட் இறங்கினா நெட் ஸ்லோ. உண்மையா, மனப்பிரமையா?

பாதி உண்மை. மிஸ்ட் 4ஜிய ஒண்ணும் பெரிசா செய்யாது. நனைஞ்ச மரம் செய்யும், தண்ணி நிக்கிற இலை காஞ்ச இலைய விடக் கூட சிக்னலக் குடிக்கும். டவருக்கு நெட் இன்னொரு மலையில இருந்து மைக்ரோவேவ் டிஷ்ல வருதுன்னா அடை மழையில அது பலவீனமாகலாம், அதுக்கு நம்ம வீட்டுல செய்ய ஒண்ணும் இல்ல. மழை நாள்ல எல்லாரும் வீட்டுக்குள்ளயே இருந்து போன் நோண்டுறதும் ஒரு காரணம்.

டெலிபோன் வயர்ல வர்ற ஏடிஎஸ்எல் கதை வேற. சாதா டெலிபோன குத்தி ரிசீவர எடுங்க, கர்ர்ன்னு சத்தம் கேட்டா வயர் மூட்டுல ஈரம் இறங்கியிருக்கு. அப்புத்தளையில ஒரு வீட்டுல கூரை ஓரத்துல வயர முறுக்கி கறுப்பு டேப் சுத்தியிருந்துச்சு, டேப்ப உரிச்சா உள்ள செம்பு பச்சையாப் பூத்து, தொட்டதும் பொடியா உதிருது. வெட்டி, புதுசா மூட்டு வெச்ச அன்னைக்கே ரவுட்டர் அறுந்து அறுந்து வர்றது நின்னுச்சு. வீட்டுக்குள்ள இருக்கிற மூட்டுன்னா நீங்களே பாக்கலாம், போஸ்ட்ல இருக்கிறதுன்னா கொம்பனி ஆள்தான். அதோட டெலிபோனும் ரவுட்டரும் ஒரே லைன்ல இருந்தா நடுவுல ஸ்பிளிட்டர்ங்கிற குட்டிப் பெட்டி கட்டாயம் இருக்கணும்.

இடி மின்னலுக்கு ரவுட்டர ஓஃப் பண்ணினா போதுமா?

போதாது, பிளக்க கழட்டணும், டெலிபோன் வயரையும் கழட்டணும். மார்ச் ஏப்ரல்லயும் ஒக்டோபர் நவம்பர்லயும் பின்னேரம் வானம் கறுத்தாலே கழட்டிடுங்க. மின்னலடிச்ச ரவுட்டர் எல்லாம் அப்பிடியே சாகாது, சிலது ஒரு லேன் ஓட்டை மட்டும் செத்து, இல்லன்னா வைஃபை மட்டும் நொண்டி ஓடிக்கிட்டு இருக்கும். போன சீசன்ல இருந்துதான் ஸ்லோன்னு சொன்னா இதையும் சந்தேகப்படுங்க.

கரண்ட் போய் வந்தா, இல்லன்னா மினி யுபிஎஸ் போட்ட பிறகு ரவுட்டர் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகுது, ஏன்?

2022ல 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின காலத்துல வீட்டுக்கு வீடு வாங்கின மினி யுபிஎஸ்தான் இன்னும் ஓடுது, உள்ள பெட்டரி தேஞ்சு போயிருக்கும். அதோட அதுல 9 வோல்ட், 12 வோல்ட்னு ரெண்டு ஓட்டை இருக்கும், பிளக் ரெண்டுலயும் போகும். 12 வோல்ட் ரவுட்டர 9ல குத்தினா லைட் எரியும், கூட்டம் சேந்ததும் விழுந்துரும். ரவுட்டர் அடியில எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர்னு பாத்து அதே மாதிரி அடப்டர்தான் போடணும், வோல்ட் அச்சொட்டா இருக்கணும், அம்பியர் கூட இருந்தாப் பரவாயில்ல, குறையக்கூடாது. யுபிஎஸ்ஸ கழட்டிட்டு ஒரு நாள் நேரா கரண்ட்ல விட்டுப் பாருங்க, விஷயம் விளங்கிரும்.

பின்னால சின்ன ஓட்டையில ரீசெட்னு இருக்கே, அத அமுக்கினா புதுசு மாதிரி ஆகுமா?

கை வைக்காதீங்க! ரீஸ்டார்ட் வேற, ரீசெட் வேற. ரீசெட்ட அமுக்கினா கொம்பனி போட்டுட்டுப் போன யூசர் நேம், பாஸ்வேர்ட், ஏபிஎன் (சிம்ம கொம்பனி நெட்டோட சேக்கிற செட்டிங்) எல்லாம் அழிஞ்சிரும், ஸ்லோவா வந்த நெட்டும் வராமப் போகலாம். ரீஸ்டார்ட் பண்ண பிளக்க கழட்டி அரை நிமிஷம் விட்டு குத்துங்க, அது போதும்.

பைபர் லைன் போட்டிருக்கோம், அதுலயும் ஸ்லோ?

எல்ஓஎஸ் லைட் செவப்பா எரிஞ்சா கண்ணாடி வயர் எங்கயோ உடைஞ்சிருக்கு இல்லன்னா மடிஞ்சிருக்கு, கொம்பனிக்கு கோல் பண்ணுங்க. அந்த மெல்லிசு வயர ஆணியில சுத்தி மடிச்சி வைக்கக்கூடாது, கதவு இடுக்குல நசுங்கக்கூடாது. லைட் எல்லாம் ஒழுங்கா இருந்து கேபிள்ல எவ்வளவு பெரிய பெக்கேஜ் போட்டாலும் 94, 95லயே நிக்கிதுன்னா உங்க கேபிளோ லேன் ஓட்டையோ 100க்கு மேல போகாத சாதி. கிகாபிட் போக கேபிளுக்குள்ள எட்டு கம்பியும் உயிரோட இருக்கணும், நாலு மட்டும் பிடிச்சா 100தான்.

டிஎன்எஸ்ஸ 8.8.8.8னு மாத்தினா ஸ்பீட் கூடும்னு யூடியூப்ல சொன்னாங்க?

டிஎன்எஸ்ங்கிறது வெப்சைட் பேர நம்பரா மாத்திக் குடுக்கிற விலாசப் புத்தகம் மாதிரி. அத மாத்தினா பக்கம் திறக்க எடுக்கிற நேரம் கொஞ்சம் குறையலாம். டவுன்லோட் ஸ்பீட் கூடாது.

எப்பதான் புது ரவுட்டர் வாங்கணும்?

இடம் மாத்தியாச்சு, சேனல் மாத்தியாச்சு, அடப்டர் பாத்தாச்சு, கேபிள்லயும் டெஸ்ட் பண்ணியாச்சு, சிக்னல் நம்பர் நல்லா இருக்கு, அதே இடத்துல அதே கொம்பனி சிம் போட்ட போன்ல 25 வருது, ரவுட்டர்ல 6 தான் வருதுன்னா வாங்குங்க. பழைய ரவுட்டர் ரெண்டு பேண்ட சேத்துப் பிடிக்காது, புதுப் போன் பிடிக்கும், அதுனால வர்ற வித்தியாசம் அது. வாங்க முன்னால உங்க சிம் வேற ரவுட்டர்ல வேலை செய்யுமான்னு கேளுங்க, சில வீட்டு பெக்கேஜ் சிம் அவங்க குடுத்த பெட்டிய விட்டு வேற எதுலயும் ஓடாது. டவுன்ல "அன்லொக்"னு விக்கிற பழைய ரவுட்டர வாங்குறதுன்னா உங்க சிம்ம கொண்டு போய் கடையிலயே போட்டுப் பாருங்க, டவுன்ல சிக்னல் வர்றத வெச்சி வீட்டுக்கும் வரும்னு நம்பிடாதீங்க, திருப்பித் தர்ற மாதிரி கதைச்சி எடுங்க.

பேசாம ஸ்டார்லிங்க் போட்டா?

சட்டலைட்ல இருந்து வர்ற நெட் இது, 2025 ஜூலையில இருந்து இலங்கையில கிடைக்குது. டவரே எட்டாத தோட்ட டிவிஷன்ல, காசும் இருந்தா யோசிக்கலாம். ஆனா டிஷ்ஷுக்கு வானம் அகலமாத் தெரியணும், மரத்துக்கு நடுவுல வெச்சா நிமிஷத்துக்கு ஒரு தரம் அறுந்து அறுந்து வரும், அதோட ஸ்டாண்டர்ட் டிஷ் சராசரியா 75ல இருந்து 100 வோட் வரைக்கும் கரண்ட் இழுக்கும், மினி யுபிஎஸ் தாங்காது. வைஃபை பின் ரூமுக்கு வரலங்கிறதுக்காக அத வாங்கினா, அதோட வைஃபையும் அதே கல்லு சுவர்லதான் முட்டி நிக்கும்.

சரி, எல்லாம் பாத்தாச்சு, கொம்பனி பக்கம்தான் பிழை. கோல் எடுத்தா என்ன சொல்றது?

"நெட் ஸ்லோ"ன்னு மட்டும் சொன்னா "ரவுட்டர ஓஃப் பண்ணி ஒன் பண்ணுங்க"ன்னுதான் பதில் வரும். பதிலா இப்பிடிச் சொல்லுங்க, கேபிள்ல டெஸ்ட் பண்ணினேன், காலைல இவ்வளவு, ராத்திரி இவ்வளவு, ஆர்எஸ்ஆர்பி இவ்வளவு, எஸ்ஐஎன்ஆர் இவ்வளவு, கோட்டா மிச்சம் இருக்கு. அடுத்த பக்கத்துல இருக்கிறவர் உடனே பேச்ச மாத்துவார், டெக்னிக்கல் ஆளுக்கு குடுப்பார். எஸ்எல்டிக்கு 1212, டயலொக்குக்கு 1777, தமிழ்ல கதைக்கிற ஆளக் கேட்டு வாங்குங்க. முறைப்பாட்டு நம்பர எழுதி வைங்க, தேதியோட. டெஸ்ட் ஸ்கிரீன்ஷொட் எல்லாத்தையும் அழிக்காம வைங்க. எத்தனை தரம் சொல்லியும் ஒண்ணும் நடக்கலன்னா தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு அந்த முறைப்பாட்டு நம்பரையும் ஸ்கிரீன்ஷொட்டையும் வெச்சி எழுதலாம், தமிழ்லயே எழுதலாம்.